மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி

போன வாரம் சாவிக்காரரைக் கையில் கோர்ட் சம்மனோடு கடை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். அவர் பாவம், அங்கேயே நின்றுகொண்டிருக்க முடியுமா? ஷட்டரை இறக்கினார், மாடியறைக்குப் போனார், படுத்தார், புரண்டார். ஒருவழியாக விடிந்துவிட்டது. இன்றைக்குத்தான் வழக்கு.

நடுவில் இரண்டு வாரம் விட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாவி வெட்டுவதும் பூட்டுத் திறப்பதும் இவர் தொழில். வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. தனக்கென்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தங்கை. அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. மூன்று மாதத்துக்கு முன் ஏதோ சண்டையில் அவளுடைய கணவர் அவளை வெளியே தள்ளி, வீட்டுச் சாவியையும் பிடுங்கிக்கொண்டார். அவள் நேரே அண்ணன் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, என் சர்டிபிகேட், கண்ணாடி, வேலைக்குப் போடுற கோட்டு, எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. நான் அந்தப் பக்கம் போனா அவர் கண்ல பட்டுடுவேன். நீ போய்த் திறந்து எடுத்துட்டு வந்துடு. அது என் வீடும்தானே?"

அண்ணன் போனார், திறந்தார், எடுத்தார். அதோடு திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த வாசல் பூட்டு வருஷக்கணக்காக மக்கர் பண்ணுகிற பூட்டு. சாவியைப் போட்டு, கதவை இழுத்துப் பிடித்து, முழங்காலால் ஒரு முட்டு முட்டினால்தான் அசையும். இப்படிப்பட்ட ஒரு பூட்டைக் கையால் தொட்டுவிட்டு அப்படியே போட்டுவிட்டு வர நம் ஆளுக்கு மனசு வரவில்லை. கழற்றினார், துடைத்தார், தேய்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றினார், எண்ணெய் விட்டு மறுபடி மாட்டினார். சாயங்காலம் மாப்பிள்ளை வந்து வழக்கம்போல முழங்காலைத் தூக்க, சாவி வெண்ணெயாகத் திரும்பி, மனுஷர் கதவோடு சேர்ந்து வீட்டுக்குள் போய்க் குப்புற விழுந்தார். எழுந்ததும் போலீசுக்குப் போன் போட்டார். பூட்டை ரிப்பேர் பண்ணிவிட்டுப் போகிற திருடன் ஊரில் எத்தனை பேர் இருக்க முடியும்? ஆளைக் கண்டுபிடிக்கப் போலீசுக்கு நாய்கூடத் தேவைப்படவில்லை.

மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளை சமாதானம் பேசித் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். புகாரை மட்டும் திரும்ப வாங்கவில்லை. அன்றிலிருந்து தங்கை அண்ணன் போனை எடுப்பதில்லை.

இன்று காலை மாடிப்படியில் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. சித்தி வந்துவிட்டாள். பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் கேஷியர். மாத்திரைக்குச் சில்லறை கொடுக்கிற அதே வேகத்தில் புத்தியும் சொல்லுவாள்.

"என்னடா, கிளம்பிட்டியா? நல்ல சட்டையா போட்டுக்க. நீதிபதி முதல்ல சட்டையைத்தான் பார்ப்பார்."

"இருக்கறதுல நல்லது இதுதான் சித்தி."

"கேட்டா ஆமாங்கன்னு தலையை ஆட்டிட்டு வந்துடு. எதிர்த்து வழக்காடறேன், வாதாடறேன்னு ஆரம்பிக்காதே."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"பூட்டைத் திறந்தே. அது போதாதுன்னு ரிப்பேர் வேற பண்ணே. கூலி வாங்காம எவன்டா ரிப்பேர் பண்ணுவான், உன்னைத் தவிர?" சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குரலை இறக்கினாள். "இன்னொண்ணு. மாப்பிள்ளை நேத்து கடைக்கு வந்தார். உன் தங்கச்சி இன்னிக்கு சாட்சி சொல்ல வர்றாளாம்."

சட்டைப் பட்டனில் இருந்த கை நின்றது.

"என்னன்னு?"

"எங்க அண்ணனைத் திறக்கச் சொல்லவே இல்லன்னு."

"அவ சொன்னாளா?"

"மாப்பிள்ளை சொன்னார்."

"அவ வாயால சொன்னாளான்னு கேட்கறேன் சித்தி."

"அவ எங்கடா என்கிட்ட பேசறா? குடும்பம் நடத்தணும் இல்ல, அவளும் என்ன பண்ணுவா?" சித்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பட்டனை ஒண்ணு மாத்திப் போட்டிருக்கே பாரு. கழட்டிப் போடு."

அவர் கழற்றிப் போட்டார்.

"நீங்க கோர்ட்டுக்கு வர்றீங்களா?"

"எனக்கு டூட்டிடா. இன்னிக்கு லீவு கேட்டா முதலாளி முகத்தைக் கண்கொண்டு பார்க்க முடியாது. சாயங்காலம் வர்றேன். என்ன?"

அவள் இறங்கிப் போன சத்தம் அடங்கியதும் அறை பழையபடி ஆயிற்று. தனியாக இருப்பது சாவிக்காரருக்குப் பழக்கம்தான். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, மேஜை மேல் கிடக்கும் பூட்டோடு பேசிக்கொண்டே காலம் தள்ளியவர். ஆனால் இத்தனை வருஷமும் போனை எடுத்தால் மறுமுனையில் ஒருத்தி "என்னண்ணா?" என்று கேட்பாள் என்கிற தெம்பு இருந்தது. இந்த இரண்டு மாதமாக அது இல்லை. உடம்பில் ஒரு பக்கம் மரத்துப்போன மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார்.

சின்னக் குற்றங்களை வரிசையாகக் கூப்பிட்டு, அன்றைக்கே கேட்டு அன்றைக்கே முடித்து அனுப்புகிற கோர்ட் அது. தாழ்வாரம் முழுக்க பெஞ்சுகள். எல்லாரோடும் யாராவது வந்திருந்தார்கள். ஒருவருக்கு மனைவி விசிறிக்கொண்டிருந்தாள், ஒருவருக்குத் தம்பி டீ வாங்கிக்கொண்டு வந்தான். குமாஸ்தா பேர் சரிபார்க்கும்போது, "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

"நான்தான்."

"கூட யாருன்னு கேட்டேன்."

"நான் மட்டும்தாங்க."

வக்கீலம்மா கோப்புகளை அணைத்துக்கொண்டு வேகமாக வந்தார். சின்ன வயசு. வேகமாகப் பேசுவார், ஆனால் புரிகிற மாதிரி பேசுவார்.

"கவனமா கேளுங்க. திருட்டுன்னு போட்டதை எடுத்துட்டாங்க. அனுமதி இல்லாம வீட்டுக்குள்ள போனீங்கன்னு மட்டும்தான் இப்ப இருக்கு. கேஸ் கூப்பிட்ட உடனே குற்றத்தை ஒத்துக்கிட்டா, தண்டனையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் குறைப்பாங்க. கோர்ட்டுக்கு நேரம் மிச்சம், சாட்சிகளுக்குச் சங்கடம் மிச்சம். அதுக்குத் தர்ற தள்ளுபடின்னு வெச்சுக்கங்க."

"அப்புறமா ஒத்துக்கிட்டா?"

"லேட்டாக லேட்டாகத் தள்ளுபடி சுருங்கிக்கிட்டே போகும். சாட்சி கூண்டுல ஏறினப்புறம்னா ஏதோ பேருக்குக் குறைப்பாங்க. கடைசி வரைக்கும் சண்டை போட்டுத் தோத்தா ஒண்ணும் கிடையாது."

"ஜெயில் வருமா?"

"வரலாம். பூட்டுத் தொழில் பண்றவர் ஆளில்லாத வீட்டைத் திறந்திருக்கீங்க. உங்களை நம்பித்தானே ஊரே கதவைக் காட்டுது? அதை நீதிபதி சும்மா விட மாட்டார். ஒத்துக்கிட்டா ஜெயிலை நிறுத்தி வெச்சு அபராதத்தோட விட நல்ல வாய்ப்பு இருக்கு." வக்கீலம்மா நிறுத்தினார். "ஆனா நான் உங்களை ஒத்துக்கங்கன்னு சொல்ல மாட்டேன். செய்யாத குற்றத்தைத் தள்ளுபடிக்காக ஒத்துக்கக் கூடாது. உங்க தங்கச்சி திறக்கச் சொன்னது நிஜம்னா, இது குற்றமே இல்ல. அவங்க கூண்டுல ஏறி அந்த ஒரு வார்த்தை சொன்னா போதும், நீங்க வீட்டுக்குப் போகலாம். சொல்வாங்களா?"

தாழ்வாரத்தின் மறுகோடியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை. அவள் தோளுக்குப் பின்னால் பெஞ்சு முதுகில் அவர் கை நீளமாகக் கிடந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள், போட்டுக்கொண்டாள், மறுபடி கழற்றித் துடைத்தாள். அண்ணன் எடுத்துக்கொடுத்த கண்ணாடிதான். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா மேடம்?"

"கூடாது. அவங்க சாட்சி. கூப்பிடற வரைக்கும் வெளியிலதான் இருக்கணும். நீங்களும் பேசக் கூடாது."

சாவிக்காரருக்கு ஜெயிலைக் கண்டு பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று காலையிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. அவள் கூண்டில் ஏறி, எல்லார் முன்னாலும், "நான் சொல்லவே இல்லை" என்று சொல்வதை இந்தக் காதால் கேட்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு மாடியறைக்குத் திரும்பிப் போய் என்ன செய்வது? கேட்காமல் இருந்தால், அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டாவது மிச்சக் காலத்தை ஓட்டலாம்.

"ஒத்துக்கறேன் மேடம்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ராத்திரி பூரா அதான் வேலை."

இவருக்கு முந்தைய வழக்கு, பக்கத்து வீட்டு வாசலில் குப்பை கொட்டியவருடையது. தான் கொட்டவில்லை, காற்று அடித்தது என்று அவர் சாதித்துக்கொண்டிருந்தார். நீதிபதிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே அபராதம் போட்டு அனுப்பினார். பிறகு சாவிக்காரரைக் கூப்பிட்டார்கள்.

குற்றச்சாட்டை வாசித்தார்கள். தன்னைப் பற்றித்தான் வாசிக்கிறார்கள் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அதில் வந்த ஆள் ரொம்பத் திட்டம் போட்டவனாக இருந்தான்.

"புரிஞ்சுதா? குற்றத்தை ஒப்புக்கறீங்களா, மறுக்கறீங்களா?"

"ஒப்புக்கறேன் ஐயா. பூட்டைத் திறந்தது நான்தான். தங்கச்சி சொன்னா, அதான் போய்..."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"இருங்க. அந்த வீட்டுல குடியிருக்கறவங்க சொல்லி நீங்க திறந்திருந்தா அது குற்றம் இல்ல. ஒப்புக்கறேன்னும் சொல்றீங்க, அவங்கதான் சொன்னாங்கன்னும் சொல்றீங்க. ஒரு கையால குடுத்து இன்னொரு கையால பிடுங்கறீங்க. இதை ஒப்புதலா நான் எடுத்துக்க முடியாது."

சாவிக்காரர் விழித்தார். ஒத்துக்கொள்வதில் இவ்வளவு சிக்கல் இருக்கும் என்று சித்தி சொல்லவில்லை.

"உங்க தங்கச்சி வெளியிலதான் இருக்காங்க போல. கூப்பிட்டுக் கேட்டுடலாமா?"

"வேண்டாம் ஐயா!"

குரல் அவர் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. குப்பைக்காரர்கூட வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அப்ப தெளிவா சொல்லுங்க. உள்ள போக யாராவது உங்களுக்கு அனுமதி குடுத்தாங்களா?"

"இல்லீங்க."

"தங்கச்சி?"

"அவ சொல்லல."

"நீங்களா போனீங்க?"

"நானா போனேன்."

"இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது மிரட்டினாங்களா, ஆசை காட்டினாங்களா?"

"இல்லீங்க ஐயா. யாரும் இல்ல."

நீதிபதி எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது. தங்கை தன்னைக் கைவிடுவதைக் கேட்கக் கூடாது என்பதற்காக, இவர் முந்திக்கொண்டு தங்கையைக் கைவிட்டுவிட்டார். அவளுக்காகத்தான் செய்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொள்வார். எனக்கு என்னவோ அதில் பாதிதான் நம்பிக்கை.

"ஒரு சந்தேகம்," என்றார் நீதிபதி, பேனாவை நிறுத்தி. "பூட்டை எதுக்கு ரிப்பேர் பண்ணீங்க?"

"அது சரியில்லாம இருந்துச்சுங்க."

அறை முழுக்கச் சிரித்தது. நீதிபதியே கைக்குட்டைக்குள் சிரித்துவிட்டு இருமினார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று சாவிக்காரருக்குப் புரியவில்லை. அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில் அவர் ஒருத்தர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"செஞ்சதுக்கு வருத்தப்படறீங்களா?"

"ரொம்ப வருத்தமா இருக்கு ஐயா."

அன்றைக்கு அவர் கூண்டில் சொன்னதில் அது ஒன்று நூற்றுக்கு நூறு நிஜம். எதற்கு வருத்தம் என்று யாரும் கேட்கவில்லை.

வக்கீலம்மா எழுந்து, முன்னால் ஒரு வழக்கும் இல்லாதவர், தனி ஆள், உழைத்துச் சாப்பிடுகிறவர் என்று நாலு வார்த்தை சொன்னார். நீதிபதி தீர்ப்பைச் சொன்னார்.

"இதுக்கு ஆறு வாரம் சிறை போட்டிருப்பேன். முதல் வாய்ப்புலேயே ஒத்துக்கிட்டதால நாலு வாரம். அதையும் ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைக்கறேன். அபராதம் தனி, அதைக் கட்டிடுங்க. இந்த ஒரு வருஷமும் நீங்க அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது. புகார் குடுத்தவர், அவர் மனைவி, ரெண்டு பேர்கிட்டயும் நேர்லயோ போன்லயோ வேற ஆள் மூலமாவோ பேசக் கூடாது. அவங்களா வந்து பேசினாலும் நீங்க பதில் பேசக் கூடாது. மீறினா நாலு வாரமும் உள்ள இருக்க வேண்டியதுதான்."

சாவிக்காரர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அவர் மனைவின்னா... அது என் தங்கச்சிங்க."

"தெரியும். அவங்க அனுமதி இல்லாம அவங்க வீட்டுக்குள்ள போனேன்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க?"

அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

கையெழுத்துப் போட்ட இடத்தில் வக்கீலம்மா பக்கத்தில் நின்றார். ஜெயில் இல்லாமல் முடிந்ததில் அவருக்குத் திருப்திதான், ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"சாட்சியைக் கூப்பிடவே விடாம ஒத்துக்கிட்டதாலதான் இவ்வளவு லேசா முடிஞ்சுது. அந்த நிபந்தனையை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. அவங்க சிரிச்சா நீங்க சிரிக்கக் கூடாது. அவ்வளவு கண்டிப்பா இருங்க. ஒரு வருஷம்தான், ஓடிடும்."

"எனக்கு அவளை விட்டா யாரு மேடம்?"

வக்கீலம்மா கோப்புகளை மாற்றி அடுக்கினார். "அபராதம் கட்டற ஜன்னல்ல நான் சொல்லிட்டு வர்றேன். நீங்க பக்கத்து வாசல் வழியா இறங்கி நில்லுங்க. முன்வாசல்ல அவங்க இருப்பாங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பக்கத்து வாசலில் ஒரு கான்ஸ்டபிள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி வெளியே வந்து, இரண்டு படி இறங்கியதும் சாவிக்காரர் நின்றார்.

கீழே தங்கை தனியாக நின்றுகொண்டிருந்தாள். காலடியில் ஒரு பெரிய பை.

"அண்ணா."

இரண்டு மாதமாக அவர் ஏங்கிக் கிடந்த குரல்.

"கேஸ் முடிஞ்சிடுச்சு, நீ இந்தப் பக்கம் நில்லு, கார் எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனார். என்னைக் கூப்பிடவே இல்லையே, ஏன்ணா? காலையிலேர்ந்து உக்காந்திருக்கேன். இப்ப கூப்பிடுவாங்க, இப்ப கூப்பிடுவாங்கன்னு..."

சாவிக்காரர் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். பின்னால் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது.

"அவர்கிட்ட அவர் சொல்லிக்குடுத்த மாதிரியே சொல்றேன்னு தலையாட்டிட்டுத்தான் வந்தேன். உள்ள போய், நான்தான் திறக்கச் சொன்னேன், அது என் வீடு, எங்க அண்ணன் மேல தப்பே இல்லன்னு சொல்லிடணும்னு இருந்தேன். சொல்லிட்டு அப்புறம் எப்படி அவரோட போறது? அதான் பையோட வந்துட்டேன். ஆஸ்பத்திரி கோட்டெல்லாம் துவைக்கப் போடணும்னு சொல்லித் தூக்கிட்டு வந்தேன். உன் மாடியில ஒரு மூலை போதும்ணா எனக்கு."

அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப்பைக்குள் கோர்ட் போட்ட அந்த நிபந்தனைக் காகிதம் இருந்தது. ஓடிப் போய் அவள் கையிலிருந்து பையை வாங்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. கான்ஸ்டபிள் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏன் பேச மாட்டேங்கறே? போன் எடுக்கலன்னு கோபமா? என் போனே அவர்கிட்டதான் இருக்கு. வேலைக்கு அவரே கொண்டுவிட்டு அவரே கூட்டிட்டுப் போறார். நான் என்ன பண்ணட்டும்?" அவள் கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது. "கோபம்னா திட்டிடு. நாலு அறை விட்டாலும் வாங்கிக்கறேன். இப்படி மரம் மாதிரி நிக்காதே அண்ணா."

கேட்டுப் பக்கம் ஹாரன் சத்தம். மாப்பிள்ளையின் கார் வளைந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

"வந்துட்டார். சீக்கிரம் சொல்லு. நான் எங்க போகட்டும்?"

சாவிக்காரர் சொல்லவில்லை. கண்ணீர் தாடைவரை இறங்கியது. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுவதுகூடப் பேசுவதாகிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

அவளுக்கு அது தெரியாது. அவள் பார்த்தது, அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டதை.

"சரி," என்றாள்.

குனிந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கார் நின்ற பக்கம் அவள் போகவில்லை. அண்ணன் நின்ற பக்கமும் வரவில்லை. கோர்ட் மதிலை ஒட்டி, பின்கேட்டைப் பார்த்து, தன் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள்.